கல்லா, கலமா?

2025-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிறு. வண்ணார்பேட்டையில் திருப்பலி முடிந்தபின் தாய் ஒருவர் தம் மகனுடன் நம்மை அணுகினார். "சாமி, வேற்றுலகத்தார் கப்பல் ஒன்று வருகிறதாமே? உலகம் முடியப் போகிறதா?" என்றார். அவர் குரலில் அச்சம். மகன் கண்களிலோ, அது கப்பலாகவே இருக்கவேண்டும் என்னும் ஆவல். இருவருக்கும் விடை கூறக் கடமைப்பட்டோம்.

அவர்கள் குறிப்பிட்டது '3ஐ அட்லஸ்' என்னும் வால் நட்சத்திரம். 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று இதனைக் கண்டது. கதிரவக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து செல்வனவற்றுள் இது மூன்றாவது. முதலாவது, 2017 அக்டோபரில் ஹவாயிலிருந்து காணப்பட்ட 'ஓமுவாமுவா'. இரண்டாவது, 2019-இல் போரிசோவ் என்பவர் கிரிமியாவில் கண்டது.

கப்பலோ என்ற ஐயம் வெறுங் கட்டுக்கதையன்று. ஓமுவாமுவாவுக்கு வால் தென்படவில்லை. ஆயினும் அது, கதிரவனின் ஈர்ப்பு விசையால் மட்டும் விளக்க இயலாதவாறு சற்றே விரைந்து விலகிச் சென்றது. ஒளியின் உந்துதலால் செல்லும் செயற்கைப் பாயாக இருக்கலாமோ என 2018-இல் ஹார்வர்டு பேராசிரியர் ஏவி லோப் வினவினார். வினவியதில் குற்றமில்லை. ஆனால் பனிக்கட்டியுள் சிறைப்பட்ட ஹைட்ரஜன் வாயு வெளியேறியதே காரணமாகலாம் என 2023-இல் வேறு அறிஞர் விளக்கினர். வானொலித் தொலைநோக்கிகள் செவிசாய்த்தும் செய்தி ஏதும் வந்திலது.

அட்லஸையோ நம் நாட்டவரும் ஆராய்ந்தனர். 2025 நவம்பரில் இராசஸ்தானத்து ஆபு மலையிலுள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கி, நம் வால் நட்சத்திரங்களில் உள்ளவை போன்ற கரி மூலக்கூறுகளையே அதிலும் கண்டது. டிசம்பர் 19-இல் மிக நெருங்கியபோதும் அது ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அன்னை அஞ்சுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

வால் நட்சத்திரத்தைத் தீக்குறியென மக்கள் நடுங்கிய காலம் ஒன்று உண்டு. அக்காலத்தே, 1689 டிசம்பரில், புதுச்சேரியில் சேசு சபைக் குரு ரிஷோ அடிகளார் வால் நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து வந்தார். அப்போதுதான் 'ஆல்பா சென்டாரி' ஒன்றன்று, இரட்டை விண்மீன் எனக் கண்டார். நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே. மே மாத இரவுகளில், விளக்கொளி குறைந்த தாமிரபரணிக் கரையில் நின்றால் தென்வானின் தாழ்வில் அதனைக் காணலாம். நொடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் விண்ணிடையே வந்த அட்லஸ், அத்தொலைவைக் கடக்க 20,000 ஆண்டுகளுக்கு மேலாகும்!

அஞ்சியோர் கண்மூடினர், அடிகளாரோ கண்திறந்து, தாம் தேடாததையும் கண்டார்.

வேற்றுலகில் அறிவுடைய உயிர்கள் இருக்கலாகாதா? இருக்கலாம். அவ்வாறு எண்ணுவது விசுவாசத்துக்கு முரணன்று என, வத்திக்கான் வானாய்வுக் கூடத்தின் இயக்குநராயிருந்த ஃபூனஸ் அடிகளார் 2008-இல் கூறினார். படைத்தவரின் கைகளுக்கு எல்லை வகுக்க நாம் யார்? எனினும் "இருக்கலாம்" என்பது வேறு, "இதோ வந்துவிட்டது" என்பது வேறு. காணாததைக் கண்டதாகக் கூறுதல், வானத்தைப் பற்றியதாயினும் பொய்ச்சான்றே.

ஆகவே அன்னைக்கு, "அஞ்சாதீர்கள் அம்மா" என்றோம். மகனுக்கு, "கேள்வியை விட்டுவிடாதே, விடையை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதே" என்றோம். அவன் ஏமாற்றத்துடன் தலையசைத்தான். ஆனால் படியிறங்குகையில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். அது போதும் நமக்கு.