பூவரச மரத்து மெல்லிடையாள்

திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர். அங்கே குன்றின்மேல் இருக்கும் சிவபெருமானுக்கு எறும்பீஸ்வரர் என்று பெயர். தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. படைத்தவன் தன் கைவேலையைக் காட்ட யானையளவு இடம் வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் போதும். அதற்கான சாட்சியைத் தேடி நாம் தொலைதூரம் போகவும் வேண்டாம். சென்னைப் புறநகரில், அடையாற்றங்கரை அனகாபுத்தூரில் மிச்சமிருக்கும் பூவரசோ வேம்போ போதும்.

பட்டையை ஊன்றிப் பார்த்தால் ஒல்லியான எறும்பு ஒன்று கண்ணில் படும். தலை கறுப்பு, நடுவுடல் செங்காவி, வயிறு மறுபடியும் கறுப்பு. சர்க்கரை டப்பாவுக்கு வரிசை கட்டும் சாதி இல்லை இது. பெரும்பாலும் தன்னந்தனியாகத்தான் இரை தேடி ஏறி இறங்கும். கண்டவர்கள் சிலர் கட்டெறும்பு என்பார்கள், சிலர் முசுறு என்பார்கள். இரண்டுமே இல்லை. அறிவியல் இதற்கு டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா என்று பெயர் வைத்திருக்கிறது. உளுத்துப்போன கிளையின் பொந்துதான் இதன் வீடு.

முசுறிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமல்ல, இடுப்பு. நடுவுடலுக்கும் வயிற்றுக்கும் இடையே முசுறுக்கு ஒரே ஒரு கணு, இதற்கு இரண்டு. முசுறு கடித்து அமிலம் பீய்ச்சும். இது கொடுக்கால் கொட்டும். அனகாபுத்தூர் நெசவாளர் துணியில் இழை எண்ணுவதுபோல எறும்பு ஆய்வாளர் லென்ஸை வைத்துக்கொண்டு உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவார். இதற்குப் பன்னிரண்டு. கன்னத்தில் நீள்வட்டமாகப் பெரிய கண். தாடையோ குட்டை. மரத்தில் ஏறி இறங்கும் வேலைக்காரி ஒவ்வொருத்தியிடமும் இந்த அமைப்பு அப்படியே இருக்கும். வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்கள்தாம்.

இந்த எறும்பை முதன்முதலாக விவரித்து எழுதியதும் சென்னையோடு சேர்ந்த கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர் தாமஸ் ஜெர்டன். பின்னாளில் இந்தியப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றவர். அவர் 1851இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை மதராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியிட்டார். இந்த எறும்பு உலகுக்கு அறிமுகமானது அதில்தான். ஆனால் ஜெர்டன் இதை எசிட்டான் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார். அது அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் படைபடையாகச் செல்லும் எறும்பு. அதற்கும் இடுப்பில் இரண்டு கணு உண்டு, கொடுக்கும் உண்டு. ஆனால் அதன் கண் வெறும் புள்ளி, ஏறக்குறைய குருடு. மரத்தில் தனியாக வேட்டையாடுகிறவளுக்குப் பெருங்கண்ணும், கூட்டத்தோடு வாசம் பிடித்து நடக்கிறவளுக்குப் புள்ளிக் கண்ணும் அமைந்திருப்பதை என்னவென்று சொல்வது!

டெட்ராபொனேரா என்ற பேரினத்தை பிரெடெரிக் ஸ்மித் 1852இல் உருவாக்கினார். ஆனாலும் 1903இல் வெளிவந்த பிங்காமின் இந்திய எறும்பு நூல் இதைச் சீமா என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தது. 2001இல் பிலிப் வார்ட் ஆசிய, ஆஸ்திரேலிய டெட்ராபொனேராக்கள் அனைத்தையும் மறுபடி சீர்தூக்கி வகைப்படுத்தினார். இத்தனை இடம் மாறியும், ஜெர்டன் சூட்டிய ரூஃபோநைக்ரா மட்டும் இன்றுவரை மாறவில்லை.

மனிதர்கள் லென்ஸோடு தேடிய அடையாளங்களை இயற்கை முன்பே பிரதி எடுத்து வைத்திருக்கிறது என்பதுதான் பேரதிசயம். குதிக்கும் சிலந்தி ஒன்று இதே நிறத்தில், இதே மெல்லிடையோடு அதே தண்டில் திரியும். எட்டுக் காலில் முன்னங்கால் இரண்டை உயர்த்தி உணர்கொம்புபோல ஆட்டும். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் பாரக்பூரில் ராத்னி என்பவர் இதே வேஷத்தில் ஒரு குளவியையும் கண்டு எழுதினார். கொடுக்கின் புகழ் அப்படி! கொட்டு வாங்கிய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. வேஷக்காரர்கள் அந்த அச்சத்தில் பிழைக்கிறார்கள்.

2016இல் வெளியான பட்டியலின்படி இந்திய எறும்புகள், உள்ளினங்களையும் சேர்த்து, 828 வகை. உலகில் பெயர் பெற்றவை 14,000 இனங்களுக்கும் மேல். இன்னும் பெயர் பெறாமல் நடமாடுகிறவையும் உண்டு. இவற்றில் பல, நாம் குப்பை என்று வெட்டி எறியும் உளுத்த கிளையிலும் மக்கிய சருகிலும்தான் குடியிருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். மின்கம்பிக்கோ வீட்டுக்கோ ஆபத்தில்லாத பட்ட கிளை இருந்தால் மரத்திலேயே விட்டுவையுங்கள். பிள்ளைகளுக்கு இந்த எறும்பைக் காட்டுங்கள், இடுப்புக் கணுவை எண்ணச் சொல்லுங்கள். ஆனால் தொட விடாதீர்கள். கொட்டினால் கடுமையாக வலிக்கும். இலங்கை மருத்துவர்கள் இதன் கொட்டைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். கொட்டிய பின் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.