உடைந்த மட்டையும் பாங்காக் தங்கமும்

புணே நகரை ஒட்டிய படைக்குடியிருப்பு கட்கி. 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதிக்கொண்ட களம் என்று வரலாற்று நூல்கள் அவ்வூரைக் குறிப்பிடுகின்றன. பின்னாளில் படைக்கலத் தொழிற்சாலையும் அதனைச் சூழ்ந்த ஊழியர் குடியிருப்பும் அவ்வூரின் அடையாளங்களாயின. இந்திய ஹாக்கியின் மிகச் சிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரை நாட்டுக்கு அளித்ததும் அந்தக் குடியிருப்பே.

1968 ஜூலை 16 அன்று நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா என்னும் தமிழ்த் தம்பதியருக்குக் கட்கியில் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. தந்தையார் தொழிற்சாலைக் குடியிருப்பின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். வருவாய் சிறிது; பிள்ளைகளோ பலர். எனினும் மைந்தர்களின் விளையாட்டு ஆர்வத்துக்கு ஆண்டாளம்மா ஒருநாளும் தடை சொன்னதில்லை. புதிய மட்டை வாங்க வழியில்லாத சகோதரர்கள், பிறர் முறித்து எறிந்த மட்டைகளையும் பயனற்றவை என ஒதுக்கிய பந்துகளையும் எடுத்து வந்து, மண் தரையில் ஆடிப் பழகினர்.

அப்போது உலக ஹாக்கி மண்ணையும் புல்லையும் விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது. 1976 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் அறிமுகமானது. அத்தளத்தில் ஆடிப் பழகாத நாடுகள் பின்தங்கின. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. மண் தரையில் பயின்ற தன்ராஜ், 1980களில் தம் மூத்த சகோதரர் ரமேஷைப் பின்பற்றி மும்பை சென்றார். முகமது ஷாஹிதின் ஆட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு தம் வேகத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டார். 1989 ஆம் ஆண்டு இந்திய அணியில் இடம்பெற்றார்.

அவர் தலைமையேற்ற 1998 ஆம் ஆண்டு நம்பிக்கை தரும் வகையில் தொடங்கவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பையில் இந்தியா ஒன்பதாம் இடமே பெற்றது. செப்டம்பரில் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் நான்காம் இடம். பதக்கம் கைநழுவிப் போயிற்று. அந்நிலையில், டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. பயிற்சியாளராக இருந்தவர், 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடிய எம். கே. கௌஷிக்.

ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கத்தை இந்தியா கடைசியாக வென்றது 1966 ஆம் ஆண்டில். வியப்பு என்னவெனில், அதுவும் இதே பாங்காக் நகரில்தான். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் பலமுறை இறுதியாட்டம் வரை சென்றும் தங்கம் கிட்டவில்லை. 1982 இல் டெல்லியில், சொந்த மண்ணிலேயே, பாகிஸ்தானிடம் ஒன்றுக்கு ஏழு என்ற கோல் கணக்கில் வீழ்ந்த வடு எளிதில் ஆறக்கூடியதன்று. 1994 இல் ஹிரோஷிமாவில் இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றது தென்கொரியா. 1998 இறுதியாட்டத்தில் எதிரே நின்றதும் அதே தென்கொரியாதான்.

ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. முடிவு பெனால்டி ஸ்ட்ரோக்குகளின் கையில் விடப்பட்டது. கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் எதிரணியின் முயற்சிகளைத் தடுத்து நிறுத்த, இந்தியா 4-2 என வென்றது. ஒரு தலைமுறை காணாத தங்கம், கட்கித் திடல் பராமரிப்பாளரின் மைந்தர் தலைமையேற்ற அணிக்குக் கிடைத்தது.

வெற்றிக்குப் பின் பாராட்டு தொடர்வதே உலக வழக்கம். இங்கோ நிகழ்ந்தது வேறு. அடுத்த தொடருக்கான அணியில் தன்ராஜும் மூத்த வீரர்கள் அறுவரும் இடம்பெறவில்லை. ஓய்வு அளிக்கப்பட்டது என்று காரணம் கூறப்பட்டது. வீரர்களுக்கு வழங்கப்படும் தொகை போதாது என்று தன்ராஜ் வெளிப்படையாகக் குரல் எழுப்பியதன் விளைவே அது என்று பலர் கருதினர். நாட்டுக்காக ஆடுவது பெருமையே. ஆயினும் பெருமையைக் கொண்டு வீட்டு வாடகை செலுத்த இயலாது. உடைந்த மட்டையோடு வளர்ந்தவருக்கு அவ்வுண்மையைச் சொல்ல முழு உரிமை இருந்தது.

அவர் கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. மீண்டும் அணிக்குத் திரும்பி 2000 இல் சிட்னியிலும் 2004 இல் ஏதென்ஸிலும் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு ஆகியவற்றில் ஆடியவர் என்னும் அரிய சிறப்பு அவருக்கு உண்டு. 2003 இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என வென்று, ஆசியக் கோப்பையை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியபோதும் தலைவர் அவரே. ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதும் பத்மஸ்ரீ பட்டமும் அவரை வந்தடைந்தன.

பாங்காக் வெற்றியின் அருமையைக் காலமும் மெய்ப்பித்தது. ஆசிய விளையாட்டில் அடுத்த ஹாக்கித் தங்கத்துக்கு இந்தியா 2014 ஆம் ஆண்டின் இன்ச்சான் போட்டி வரை காத்திருக்க நேர்ந்தது.

தன்ராஜ் என்னும் பெயருக்குச் செல்வத்தின் அரசன் என்று பொருள். அப்பெயரைத் தாங்கிய சிறுவனிடம் அன்று இருந்த செல்வம், பிறர் வேண்டாமென்று எறிந்த ஒரு மட்டையும், போதாமையைத் தன் மக்கள் உணராதபடி பார்த்துக்கொண்ட ஒரு தாயும்தான். நம் தெருக்களிலும் இன்று இத்தகைய பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவர்கள் கையில் ஒரு நல்ல மட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.