சடை வேட்டை நாய் வளர்ப்போர் கவனத்திற்கு

சென்ற கோடையில் மானாவாரிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, சோளமும் உளுந்தும் பயிரிடும் விவசாயி ஒருவர் தம் வேதனையைச் சொன்னார். மயில்களை விரட்ட உதவும் என்று எண்ணி, கடன் வாங்கி, நீள முடியுள்ள வேட்டை நாய்க்குட்டி ஒன்றை வெளியூரிலிருந்து வாங்கி வளர்த்திருக்கிறார். சித்திரை வெயிலைத் தாங்காதே என்று அதன் முடி முழுவதையும் தோல் தெரிய மழித்துவிட்டார். மோட்டார் அறையை ஒட்டிய தகரக் கொட்டகையில் சங்கிலியால் கட்டியிருந்தார். ஒரு நாள் நடுப்பகலில் அது மூச்சிரைத்து, எச்சில் ஒழுக விழுந்து, மருத்துவரிடம் கொண்டு செல்வதற்குள் இறந்துவிட்டது. "முடியை எடுத்த பிறகும் ஏன் செத்தது, ஐயா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையை மற்ற விவசாயிகளும் அறிந்துகொள்வது நல்லது.

இனத்தை அறிக

நாய்களில் பல, மோப்பம் பிடித்து இரையைத் தேடும். சில இனங்கள் கண்ணால் பார்த்து, விரட்டி ஓடிப் பிடிக்கும். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை இவற்றின் அடையாளம். ஆப்கானிஸ்தானத்தின் ஆப்கன் ஹவுண்டு, மேற்காசியாவின் சலூக்கி, ருஷ்யாவின் போர்சாய் ஆகியவை இவ்வகையில் முடி நீண்டவை. ஆப்கன் ஹவுண்டின் பட்டுப் போன்ற சடை, அந்நாட்டு மலைக் குளிருக்கு ஏற்றது. நம் நாட்டில், தக்காணப் பகுதியின் கார்வானி நாய்களில் காது, கால், வால் ஆகிய இடங்களில் முடி நீண்ட வகையைப் 'பஷ்மி' என்பர்.

தென் மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் இவற்றின் முடி குட்டையானது, தோலோடு ஒட்டியது.

வெயிலும் நாயும்

நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே உடல் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் மூச்சிரைத்தும் பயனில்லை. மேற்சொன்ன நாய் இறந்ததற்குக் காரணம் தகரக் கொட்டகையின் அனலும், நிழலுக்கு நகர முடியாத சங்கிலியுமே. முடியை மழித்தது உதவாதது மட்டுமல்ல; மெல்லிய தோல் நேராக வெயிலில் பட்டு வெந்து போகவும் அது இடம் கொடுக்கும். அடிவயிற்று முடியையும் பாத இடுக்கு முடியையும் கத்தரித்துவிட்டால் போதும்.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மரநிழலிலோ, ஓலைக் கூரையின் கீழோ, காற்றோட்டமாக இருக்கச் செய்யவும். மண் பானையிலோ தொட்டியிலோ எப்போதும் நீர் இருக்கட்டும்.

நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. இது 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அப்போது உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்குகளில், தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயில் நீரைப் புகட்டவும் கூடாது. சூடு தணியத் தொடங்கியதும் மருத்துவரிடம் கொண்டு செல்லவும்.

முடிப் பராமரிப்பு

வாரம் இரு முறையாவது அகன்ற பல் சீப்பால், முடியின் நுனியிலிருந்து தொடங்கி வேர் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது மேலும் இறுகும். காட்டில் திரிந்து வந்த நாளெல்லாம் நெருஞ்சி முள், நாயுருவி விதை, ஒட்டுப்புல் ஆகியவற்றை விரல்களால் தடவி எடுத்துவிடவும். சடைக்குள் மறைந்த சிறு புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிகள் இரத்த நோய்களைப் பரப்புகின்றன. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவது கொடிய தவறு.

தீனி

இவ்வகை நாய்களில் கடைசி இரண்டு, மூன்று விலா எலும்புகள் தெரிவது இயல்பே. மெலிந்துவிட்டதென்று அளவுக்கு மீறித் திணிக்க வேண்டாம். எல்லா விலா எலும்புகளும் துருத்தி, முடி மங்கி, வயிறு உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். கம்பு, சோளம், கேழ்வரகுக் கூழ் மட்டும் போதாது. முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சி ஆகியவற்றில் ஒன்றையும் வேகவைத்துச் சேர்க்கவும். வெங்காயம் கலந்த குழம்பு ஆகாது. அன்றாடத் தீனியை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். தின்றவுடன் ஓட விட்டால், ஆழ்ந்த மார்புடைய இந்நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

நோய்த் தடுப்பு

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போடவும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து தேவை. நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.

இந்நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சில மயக்க மருந்துகள் இவற்றின் உடலில் நெடுநேரம் தங்கி ஆபத்தை விளைவிக்கும். எனவே அறுவைச் சிகிச்சைக்கு முன் நாயின் இனத்தை மருத்துவரிடம் தவறாமல் கூறவும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

விரட்டும் குணம்

ஓடுவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். பின்னால் கூப்பிட்டாலும் அப்போது காதில் ஏறாது. ஆகவே வேலியிட்ட இடத்தில் காலையும் மாலையும் ஓட விடவும்; சாலையோரத்தில் அவிழ்த்துவிட வேண்டாம். ஆடு, கோழிகளோடு குட்டிப் பருவத்திலிருந்தே பழக்க வேண்டும். பழகிய பிறகும் கண்காணிப்பு தேவை. மயிலையோ முயலையோ நாயை ஏவி வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய் செய்தது என்று சொல்லித் தப்ப இயலாது.

எதை வாங்குவது?

குட்டியின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. சீப்பும் கையுமாக வாரத்தில் இரண்டு மணி நேரம் செலவிட ஆளும், குளிர்ந்த நிழலும் இல்லாத இடத்தில் சடை நாயை வாங்க வேண்டாம். தோட்டத்துக்குத் துணை வேண்டுவோருக்குக் குட்டை முடியுள்ள சிப்பிப்பாறையும் கன்னியுமே ஏற்றவை. ஆனால் நிழலும், நீரும், தடுப்பூசியும் அவற்றுக்கும் தேவைதான். எந்த இனமானாலும், தாய் நாயை நேரில் பார்த்து, தாய்ப்பால் மறந்த, 8 வாரம் நிரம்பிய குட்டியை வாங்கி, அந்த வாரமே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டவும்.