தலை இங்கிலாந்து, மரை பிரான்ஸ்

1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்.ஜி. டி.சி. காரின் எஞ்சினில் ஒரு போல்ட்டைக் கழற்றப் போகிறீர்கள். 13 எண் ஸ்பேனர் தலையில் ஏறாது. 14 எண் ஏறும், ஆனால் லொடலொடக்கும். அழுத்தித் திருகினால் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் செட்டில் கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கும். (அந்தக் கால் அங்குலம் ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல, அந்த ஸ்பேனருக்கு உரிய விட்வொர்த் போல்ட் தண்டின் விட்டம். விட்வொர்த் கணக்கே அப்படித்தான்.)

சரி, இது பிரிட்டிஷ் போல்ட் என்று முடிவு கட்டினால் தப்பு. மரையை அளந்து பாருங்கள்: விட்டம் 8 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. சுத்தமான மெட்ரிக்.

காரணம் துப்பாக்கியில் இருக்கிறது. பிரான்சின் ஹாட்ச்கிஸ் ஆயுத நிறுவனம், முதல் உலகப் போரின்போது இயந்திரத் துப்பாக்கி செய்ய இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் அங்கே வேலை இல்லை. பின்னாளில் எம்.ஜி. கார்களுக்கும் உரிமையாளரான கார் தயாரிப்பாளர் வில்லியம் மோரிஸுக்கோ, அதுவரை அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த எஞ்சின்கள் நின்றுபோயிருந்தன. அந்த எஞ்சினைப் பார்த்து ஹாட்ச்கிஸ் செய்துகொடுத்தது. பிரெஞ்சு நிறுவனத்தின் இயந்திரங்கள் வெட்டியது மெட்ரிக் மரை. உள்ளூர் மெக்கானிக் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஸ்பேனருக்கு ஏற்றபடி செய்தார்கள். கிறுக்குத்தனம் என்று இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, மெக்கானிக்கை நினைத்துப் பார்த்த ஏற்பாடாகத்தான் படுகிறது. 1923-இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கிவிட்டார். பழக்கம் மட்டும் 1950-கள் வரை நீடித்தது.

சிக்கல், தொலைந்த போல்ட்டுக்கு மாற்றுத் தேடும்போது வரும். பிரிட்டிஷ் 5/16 அங்குல நுண்மரை போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கண்ணுக்கு 8 மாதிரியே தெரியும். தலையும் அதே அளவு. கையால் திருகினால் ஓரிரு சுற்று சாதுவாகப் போகும், பிறகு இறுகும். ஏதோ அழுக்கு என்று ஸ்பேனர் போட்டு இழுத்தால் துளையின் மரை போச்சு; ஏனென்றால் அந்த பிரிட்டிஷ் போல்ட் ஒரு சுற்றுக்கு 1.15 மி.மீ. போகட்டும், மெட்ரிக்தானே என்று இன்றைய கடையில் 8 மி.மீ. போல்ட் கேட்டால், சாதாரணமாக எடுத்துத் தருவது 1.25 சுற்று. அதுவும் சேராது.