ஏழாம் வகுப்புக் கணக்கும் மருத்துவமனை வார்டும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2010இல் தொடங்கிய கல்லூரி. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. இவ்வட்டாரப் பெற்றோர் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் செல்லும் இடங்கள் இவை. பத்தாம் வகுப்பு முடித்ததும், “எனக்குக் கணக்கு வராது சார், பயாலஜி எடுத்து நர்சிங் போறேன்” என்று சொல்லும் மாணவியரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நாமும் தலையாட்டி விடுகிறோம். அங்கேதான் தவறு செய்கிறோம் என்று நினைக்கிறேன். செவிலியரின் வேலையில் ஒவ்வொரு நாளும் கணக்கு இருக்கிறது. அது ஆறாம் வகுப்பின் விகிதமும் ஏழாம் வகுப்பின் நேர், எதிர் விகிதங்களும்தான். கடினமானதல்ல, ஆனால் அதில் தவறினால் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்காது.

காய்ச்சலுள்ள ஒரு குழந்தைக்கு மருத்துவர் 150 மி.கி. பாரசிட்டமால் எழுதுகிறார் என்று கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி. கொடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதென்றால் 3 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் 1.5 மி.லி. மட்டுமே. மூன்று புட்டிகளிலும் மருந்தின் பெயர் ஒன்றுதான். ‘6 மி.லி.’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால், குழந்தைக்குப் போவது 600 மி.கி. வீட்டில் தாய்மார்களுக்கும் நேரக்கூடிய பிழை இது.

டிரிப்ஸ் ஏற்றுவது எதிர் விகிதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 500 மி.லி. திரவம், குழாய்த் தொகுப்பின் உறையில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி நேரத்தில், அதாவது 240 நிமிடத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. 8 மணி நேரமென்றால் 21. நேரம் இரு மடங்கானால் வேகம் பாதியாகிறது. குழந்தைகளுக்கான நுண்சொட்டுக் குழாயில் 1 மி.லி.க்கு 60 சொட்டு. எனவே உறையைப் படிக்காமல் கணக்கைத் தொடங்கவே முடியாது. ‘வினாவை முழுதாகப் படி’ என்று நாம் வகுப்பில் சொல்வதும் இதைத்தான்.

இன்சுலினில் சிக்கல் இன்னும் கூடுதல். நம் நாட்டில் 1 மி.லி.யில் 40 அலகு உள்ள மருந்தும் 100 அலகு உள்ள மருந்தும் புழக்கத்தில் உள்ளன. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் அது 0.5 மி.லி.; உடலில் சேர்வது 50 அலகு. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நோயாளி மயங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றி எடுத்தால் 20க்குப் பதிலாக 8 அலகுதான் சேரும்.

தசமப்புள்ளியும் அப்படித்தான். .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், 5.0 என்பது 50 ஆகிவிடும். இரண்டிலும் பத்து மடங்கு வேறுபாடு. ஆகவே 0.5 என்று முன்னால் சுழியம் போட வேண்டும்; 5 என்பதற்குப் பின்னால் போடக்கூடாது. கணக்கு வகுப்பில் நாம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். வார்டில் அப்படி முடியாது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தைச் செவிலியர் பயிற்சியில் முதலிலேயே கற்பிக்கிறார்கள். இதில் முதலாவது எளிதாகத் தோன்றும். வகுப்பில் இரண்டு பிரியா இருந்தால் வருகைப் பதிவில் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். வார்டில் லட்சுமி என்ற பெயரில் மூன்று பாட்டிமார் இருக்கலாம். “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டிவிடுவார். “உங்க பேரு என்னங்கம்மா, எந்த ஊரு?” என்று கேட்டு, பதிவெண்ணோடு ஒத்துப் பார்ப்பதே முறை. கட்டில் எண்ணை நம்பக்கூடாது, கட்டில் மாறும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை நேரும். 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் தனி மனிதரின் அலட்சியமன்று, வேலை அமைப்பின் ஓட்டைகளே என்று வலியுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் செப்டம்பர் 17ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக 2019 முதல் கடைப்பிடிக்கிறது. 2022இல் அதன் கருப்பொருள் மருந்துப் பாதுகாப்பு. நேர்ந்த பிழையை உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம், அடுத்தவருக்கு நேராமல் தடுக்கலாம். திட்டுக்குப் பயந்து மறைத்தால் இரண்டும் நடக்காது. நோட்டில் தப்பான விடையை அழித்து, பக்கத்தைக் கிழித்து ஒளிக்கும் பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இங்கே வருகிறது. “எங்கே தவறியது, காட்டு” என்று கேட்ட ஆசிரியரிடம் படித்தவர் வார்டிலும் வாய் திறப்பார் என்பது என் எண்ணம்.

ஆபத்து மிகுந்த மருந்துகளுக்கு இரு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுவது வழக்கம். இதை வகுப்பிலும் செய்யலாம். டிரிப்ஸ் கணக்கை இருவர் இருவராகக் கொடுத்து, ஒருவர் மற்றவரின் தாளைப் பார்க்காமல் போடச் சொல்லுங்கள். ஒருவருக்கு 42, மற்றவருக்கு 420 என்று வரலாம். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்; கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு 420 முறை மேசையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விநாடிக்கு ஏழு தட்டு.