சிறையில் உயிர் நீத்த இமாம் ஹாரூன்

அருள்மறையாம் திருக்குர்ஆனில் ‘யூசுஃப்’ அத்தியாயத்தை ஓதி வரும் நாம், அதில் ஓர் இடத்தைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்பட்ட நபி யூசுஃப் (அலை) அவர்கள் மன்னனின் கனவுக்குப் பொருள் கூறுகிறார்கள். அவர்களை உடனே அழைத்து வருமாறு மன்னன் ஆளனுப்புகிறான். ஆண்டுகள் பல கழிந்து சிறைக்கதவு திறக்கிறது. வேறு எவராயினும் ஓடோடி வெளியேறியிருப்பர். யூசுஃப் (அலை) அவர்களோ வந்த தூதனைத் திருப்பி அனுப்புகிறார்கள். தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கும்படி கேட்கிறார்கள். விசாரணை நடைபெறுகிறது. அஸீஸின் மனைவி தன் பிழையை ஒப்புக்கொள்கிறாள். அதன் பின்னரே அன்னார் சிறையை விட்டு வெளிவருகிறார்கள்.

விடுதலை வேறு, உண்மை வெளிப்படுவது வேறு. அநியாயமாகச் சிறைப்பட்டவருக்கு இவ்விரண்டுமே உரிமை என்பதை அந்த நபியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. அவர்கள் குற்றமற்றவர் என்பதற்குரிய அடையாளங்களைக் கண்டறிந்த பின்னரே அவர்களைச் சிறையிலிட முடிவு செய்தனர் என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது. அதிகாரம் படைத்தோர் சிலரைச் சிறையில் அடைப்பது அவர் குற்றவாளி என்பதனால் அன்று. அவர் வெளியே இருப்பது தங்களுக்கு இடையூறு என்பதனால்தான். இந்த உண்மைக்கு நம் காலத்துச் சான்றாகத் திகழ்பவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் அவர்கள்.

கைதிகள் நட்ட பயிர்

கேப் டவுனில் தீனுல் இஸ்லாம் வேரூன்றிய வரலாறே ஒரு சிறை வரலாறுதான். இன்றைய இந்தோனேசியாவின் மக்காஸர் பகுதியில் பிறந்த ஷைகு யூசுஃப் அவர்கள், டச்சுக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியதற்காகப் பிடிபட்டு, 1684-இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஹஜ்ஜுப் பயணத்தின் வழியில் இலங்கையில் இறங்கிய கீழைத் தீவுகளின் முஸ்லிம்கள் அவர்களைச் சந்தித்தனர். அவர்கள் எழுதிய நூல்கள் தாயகம் போய்ச் சேர்ந்தன. இதனை அஞ்சிய டச்சு ஆட்சி, 1694-இல் அவர்களை இன்னும் தொலைவில் உள்ள நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பியது. 1699-இல் அவர்கள் மறையும்போது, அந்த அந்நிய மண்ணில் பாங்கோசை கேட்கும் ஒரு சிறு சமுதாயம் உருவாகியிருந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், தீதோர் தீவைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம் என்ற அறிஞரை டச்சுக்காரர்கள் 1780-இல் ராபன் தீவில் சிறை வைத்தனர். மக்கள் அவர்களைத் ‘துவான் குரு’ என்று அன்புடன் அழைத்தனர். சிறையில் குர்ஆன் பிரதி கிடைக்காத நிலையில், தம் நினைவிலிருந்தே முழுக் குர்ஆனையும் அவர்கள் கைப்பட எழுதி முடித்தார்கள். 1793-இல் விடுதலையானதும் கேப் டவுனில் மத்ரஸா தொடங்கினார்கள். அதனை அடுத்து டோர்ப் தெருவில் எழுந்த அவ்வல் பள்ளிவாசலே தென்னாப்பிரிக்காவின் முதற்பள்ளிவாசலாகும். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா நெடுங்காலம் அடைபட்டிருந்ததும் இதே ராபன் தீவில்தான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மிம்பரில் ஒலித்த குரல்

இத்தகைய மண்ணில் 1924-இல் பிறந்தவர் அப்துல்லாஹ் ஹாரூன். பிஞ்சுப் பருவத்திலேயே தாயை இழந்து, தந்தையின் சகோதரியால் வளர்க்கப்பட்டார். இளமையில் புனித மக்கா சென்று கல்வி பயின்றார். 1955-இல் கிளேர்மாண்ட் பகுதியின் ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலுக்கு இமாமாகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31. இளைஞர்களைத் திரட்டினார், பெண்களுக்கும் மார்க்க வகுப்புகள் நடத்தினார், ‘முஸ்லிம் நியூஸ்’ என்ற பத்திரிகையின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அன்று அந்நாட்டை ஆண்டது நிறவெறி அரசு. ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கல்வி கற்கலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அவருடைய தோலின் நிறமே தீர்மானித்தது. 1950-இல் இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இல்லங்களிலிருந்து மக்களைப் பெயர்த்து எறிந்தது. பள்ளிவாசல் ஓரிடத்திலும் தொழுகையாளிகள் வேறிடத்திலுமாகச் சிதறிப் போயினர். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற ஊரில் அமைதியாகக் கூடிய கறுப்பின மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர்.

அரபிக்கு அஜமியைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ இறையச்சத்தால் அன்றி வேறு சிறப்பில்லை என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது போதித்ததை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். இமாம் ஹாரூன் அதனைத் தம் வாழ்வில் எடுத்து நடந்தார். 1961-இல் கேப் டவுனில் கூடிய ஒரு பொதுக்கூட்டத்தில், குடியிருப்புச் சட்டம் மனிதத் தன்மையற்றது, இஸ்லாத்துக்குப் புறம்பானது என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

அவர் ஓர் இனிப்புப் பண்ட நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகவும் வேலை பார்த்தார். பிறர் எளிதில் நுழைய முடியாத லங்கா, குகுலெத்து, நியங்கா ஆகிய கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குச் செல்ல அந்த வேலை அவருக்கு வழி செய்தது. அங்கே, கணவனைச் சிறையில் பறிகொடுத்த பெண்களுக்கும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் மறைவாக உதவி சேர்ப்பித்தார். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். எனினும் அம்மக்கள் அவரைத் தம் மொழியில் ‘உம்ஃபுண்டிசி’, அதாவது சமய குரு, என்றே அழைத்தனர். அவர் கேட்டது முஸ்லிம்களுக்கு மட்டுமான நீதி அன்று.

123 நாட்கள்

1969 மே 28. கேப் டவுன் முஸ்லிம்கள் மீலாது நபி விழாவுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த நாள். அன்று பாதுகாப்புக் காவல்துறையினர் இமாமைக் கைது செய்தனர். 1967-ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அவர்மீது பிரயோகிக்கப்பட்டது. அப்பிரிவின்படி குற்றச்சாட்டு வேண்டியதில்லை; கால வரம்பு இல்லை; வழக்கறிஞரைக் காண அனுமதி இல்லை; விடுவிக்குமாறு உத்தரவிட நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவிய பணம் எங்கிருந்து வந்தது, யார் யார் உடனிருந்தனர் என்பதையே அவரிடம் துருவித் துருவிக் கேட்டனர்.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கேத்தரின் டெய்லர் என்ற வெள்ளையினப் பெண்மணி இது குறித்துக் கேள்வி எழுப்பினார். விவரம் வெளியிடுவது பொது நலனுக்கு உகந்ததன்று என்று அரசு கைவிரித்துவிட்டது. இங்கே நாம் தலைகுனிந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிற சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி குரல் எழுப்பிய அந்நாட்களில், அவ்வூர் மார்க்கத் தலைவர்களில் பலர் வாய் திறக்கவில்லை. சிலருக்கு அச்சம், சிலருக்கு, அரசியலில் தலையிட்டவர் அதன் பலனை அனுபவிக்கிறார் என்ற எண்ணம்.

செப்டம்பர் 17 அன்று அவரை மெயிட்லண்ட் காவல் நிலையத்திலிருந்து வெளியே கொண்டு சென்றனர். 19-ஆம் நாள் திரும்பக் கொண்டுவந்தனர். இடைப்பட்ட நேரத்தில் அவர் எங்கே வைக்கப்பட்டிருந்தார் என்பதற்கு முறையான பதிவு எதுவும் இல்லை. செப்டம்பர் 27 அன்று, 123 நாள் காவலுக்குப் பின், அவர் தம் அறையில் இறந்து கிடந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அப்போது அவருக்கு வயது 45.

செப்டம்பர் 29 அன்று ஏறத்தாழ 40,000 பேர் ஜனாஸாவில் திரண்டனர். மௌப்ரே மையவாடி வரை பல கிலோமீட்டர் தூரம் சந்தூக்கைத் தோளில் சுமந்து நடந்தனர். அன்றிரவு அந்தப் பிரதேசத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. மக்கள் அதை இமாமின் மறைவோடு இணைத்துப் பேசினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று பெருமானார் தெளிவுபடுத்தியதை நாம் அறிவோம். ஆகவே இமாமின் உயர்வுக்கு நிலநடுக்கம் சாட்சியாக வேண்டியதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வே போதிய சாட்சி.

படிக்கட்டின் மீது சுமத்திய பழி

இமாமின் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. விலா எலும்பு முறிந்திருந்தது. அவர் படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. 1970-இல் நடந்த மரண விசாரணை, காயங்களில் பெரும் பகுதி அவ்வாறு விழுந்ததனால் ஏற்பட்டது என ஏற்றுக்கொண்டது. எஞ்சியவை எவ்வாறு வந்தன என்று கூற இயலாது எனக் கைகழுவியது. எவரும் பொறுப்பாக்கப்படவில்லை. பின்னர் அரசு அக்குடும்பத்துக்கு 5,000 ராண்ட் கருணைத் தொகையாக வழங்கியது. பணம் வந்தது, உண்மை வரவில்லை.

இமாமின் துணைவியார் கலீமா அம்மையார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். பிறர் குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்தவரின் குடும்பம் இப்போது அதே கண்ணீரில் நின்றது. 1994-இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்து மக்களாட்சி மலர்ந்தது. அப்போதும் அந்த 1970-ஆம் ஆண்டு முடிவு ஏட்டில் அப்படியே இருந்தது. அம்மையார் 2019 செப்டம்பர் 29 அன்று, கணவர் அடக்கம் செய்யப்பட்டுச் சரியாக 50 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், தம் 93-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். உண்மை வெளிப்படும் நாளைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் பிள்ளைகள் ஓயவில்லை. 2022 நவம்பரில் கேப் டவுன் உயர்நீதிமன்றத்தில் விசாரணை மீண்டும் தொடங்கிற்று. அக்காயங்கள் படிக்கட்டில் விழுந்ததால் ஏற்பட்டிருக்க முடியாது என்று மருத்துவ வல்லுநர்கள் எடுத்துரைத்தனர். அன்று இளம் காவலராக இருந்த ஒருவர் முதுமையில் வந்து சாட்சியம் அளித்தார். 2023 அக்டோபர் 9 அன்று நீதிபதி டேனியல் துலாரே பழைய முடிவை ரத்து செய்தார். இமாம் காவலில் சித்திரவதை செய்யப்பட்டதனாலேயே மரணமடைந்தார் என்று தீர்ப்பளித்தார். விசாரித்த முக்கிய அதிகாரிகள் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். தண்டிக்க ஆளில்லை. ஆயினும் 54 ஆண்டுகள் ஏட்டில் நிலைத்திருந்த பொய் அன்று அழிக்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

வாசகப் பெருமக்களே! தண்டிக்க எவரும் எஞ்சாத நிலையில் இந்தத் தீர்ப்பினால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். யூசுஃப் (அலை) அவர்கள் சிறைவாசலில் நின்று கேட்டதும் எவரையும் தண்டிக்குமாறு அன்று; உண்மை நிலைநாட்டப்பட வேண்டும் என்பதையே. ஒருவரைக் கொடுமைப்படுத்தியதோடு, அவர் தம் தவற்றால் மாண்டார் என்று எழுதி வைப்பது இரண்டாவது கொடுமை. அதைத் துடைப்பது உயிருடன் இருப்போரின் கடமை.

பசித்தவருக்கு உணவளிக்கவும், நோயாளியை நலம் விசாரிக்கவும், சிறைப்பட்டவரை மீட்கவும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் நாம் ஓரளவு செய்து வருகிறோம். மூன்றாவதை மறந்துவிட்டோம். பத்ருப் போரில் பிடிபட்ட பகைவர்களுக்கு நபித்தோழர்கள் தங்கள் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழம் உண்டு பசியாறினர். கைதியான பகைவருக்கே அந்த உரிமை உண்டெனில், நீதியைப் பேசியதற்காகச் சிறைப்பட்டவருக்கும், அவர் மனைவி மக்களுக்கும் எத்துணை உரிமை இருக்க வேண்டும்!

ஒருவர் கைதானார் என்ற செய்தி கேட்டதும், ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று நம் வீட்டுத் திண்ணையில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். பெருநாள் அன்று அந்த வீட்டுப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். மௌனத்துக்குப் பொறுமை என்று பெயர் சூட்டவும் வேண்டாம். ஸப்ர் என்பது சத்தியத்தில் நிலைத்திருப்பது. கலீமா அம்மையாரிடம் 50 ஆண்டுகள் இருந்தது அதுவே. அநீதியைக் கண்டு ஒதுங்கிக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

அநீதியாகச் சிறைப்பட்டு வாடும் அனைவருக்கும், அவர்கள் எந்நாட்டவராயினும், வல்ல நாயன் விடுதலையையும் அதனோடு உண்மையின் வெற்றியையும் வழங்குவானாக! அவர்களின் இல்லங்களைத் தேடிச் செல்லும் நெஞ்சுரத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.