ஏணிச் சட்டமா, ஒற்றைக் கூடா?

சேற்றிலும் பாறையிலும் ஓடுவதற்கென்றே பெயர் பெற்ற வண்டிகளை இனிக் கார்களைப் போலவே கட்டலாமா? இந்தக் கேள்வி இப்போது நம் நாட்டிலும் எழுந்துள்ளது. 2025 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா நிறுவனம் மும்பையில் நான்கு மாதிரி வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் ஒன்று தாரின் சாயல். இன்னொன்று ஸ்கார்ப்பியோவின் சாயல். இன்று விற்பனையாகும் தாரும் ஸ்கார்ப்பியோவும் ஏணிச் சட்டத்தின் மேல் அமைந்தவை. புதிய மாதிரிகளோ மோனோகாக் முறையைச் சேர்ந்தவை.

வேறுபாடு இதுதான். பழைய முறையில், ஏணி வடிவிலான கனத்த எஃகுச் சட்டம் அடியில் இருக்கும். எஞ்சினும் அச்சுகளும் அதில் பொருந்தும். மேலுடல் தனியாகச் செய்யப்பட்டு அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கப்படும். லாரியின் அமைப்பும் இதுவே. பாரம் தாங்கும், கரடுமுரடான பாதையில் வண்டி முறுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். மோனோகாக்கில் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து முட்டை ஓடு போல ஒரே கூடாகி எடையைத் தாங்குகின்றன. எடை குறைவதால் எரிபொருள் மிச்சம். வளைவுகளில் ஆட்டமும் குறைவு.

அப்படியானால் கூடு என்றாலே பலவீனமா? இல்லை. 1948இல் தொடங்கிய லேண்ட் ரோவர் வம்சத்தின் டிஃபெண்டர், 2016 ஜனவரியில் ஏணிச் சட்டத்தோடு விடைபெற்றது. 2008 முதல் டாடா குழுமத்தின் கையில் உள்ள அந்நிறுவனம், 2019இல் அலுமினியக் கூட்டோடு புதிய டிஃபெண்டரை அறிமுகப்படுத்தியது. பழையது 500 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும். புதியது 900 மில்லிமீட்டர் வரை கடக்கிறது. ஆனால் அது சாதாரணக் காரின் கூடு அல்ல. கடும் பயணத்துக்கென வலுவூட்டப்பட்டது. விலையும் நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். அடிபட்டு வளைந்தால், சாலையோரப் பட்டறையில் நிமிர்த்திவிடவும் முடியாது.

இதற்கு மாறாக, 2023இல் மாருதி இங்கே கொண்டுவந்த ஜிம்னி சிறிய வண்டிதான். ஆயினும் ஏணிச் சட்டத்தை விடவில்லை. எளிய விலையில் உறுதி வேண்டுமானால் பழைய முறைக்கு இன்னும் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

நகரத்திலேயே ஓட்டுபவர்களுக்கு மோனோகாக்கே பொருத்தம். மஹிந்திராவே 2011இல் தன் முதல் மோனோகாக் வண்டியை எக்ஸ்யூவி 500 என்ற புதிய பெயரில் விற்றது. ஸ்கார்ப்பியோவின் சட்டத்தில் கை வைக்கவில்லை. வாங்குபவருக்குக் குழப்பமும் இருக்கவில்லை.

பெயர் என்பது ஒரு வாக்குறுதி. கார்வாலிலும் லடாக்கிலும் இருப்பவர் அந்தப் பெயரை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். நான்கு சக்கர இயக்கம், செங்குத்து ஏற்றத்தில் இழுவையைக் கூட்டும் தாழ் கியர், வலுவூட்டிய கூடு ஆகிய மூன்றும் இருந்தால் பழைய பெயரைத் தாராளமாகச் சூட்டலாம். இல்லையேல் வேறு பெயர் வைப்பதே நேர்மை. வாங்கப் போகும் வாசகர்களும் வெளித்தோற்றத்தைப் பார்த்து மயங்காமல், இம்மூன்றையும் கேட்டறிந்த பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.